டீச்சரைக் கேளுங்கள்: கேட்சரும் பிட்சரும்

போன மாதம் சாஃப்ட்பால் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேட்சரையும் பிட்சரையும் பற்றித்தான் பேசின. அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அவர்களுக்கே. ஆட்டம் பழக்கமில்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பந்தை வீசுகிறவர் பிட்சர். பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிக்கிறவர் கேட்சர். பேஸ்பாலில் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். தோளுக்கு மேலே கையைக் கொண்டுவந்து வீசுவார்கள். நம் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் சாஃப்ட்பாலில் பந்து பெரிது, கையைக் கீழ்ப்பக்கமாகச் சுழற்றி வீச வேண்டும். பெரிய பெண்கள் ஆட்டத்தில் தூரம் 43 அடி. கேட்சருக்கு மட்டும் இரண்டு ஆட்டத்திலும் ஒரே வேலைதான். சரி, கடிதங்களுக்குப் போவோம்.

கேள்வி: டீச்சர், நான் பள்ளிக் குழுவில் கேட்சர். எங்கள் பிட்சர் நன்றாக வீசுவாள். ஆனால் ஒரு வாக் கொடுத்துவிட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். நான் “ரிலாக்ஸ், ரிலாக்ஸ், உன்னால முடியும்” என்று கத்துவேன். அதற்கப்புறம் இன்னும் மோசமாக வீசுகிறாள். நான் என்ன சொன்னால் சரியாகும்?
*படிவம் 3 மாணவி, சுங்கை சிப்புட்*

மகளே, வாக் என்றால் நான்கு பந்து அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே போய், பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போவது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எந்தப் பிட்சருக்கும் வலிக்கும். அந்த நேரத்தில் நீ சொல்வது அவள் காதில் ஏறுவதே சந்தேகம். ஆனால் அவள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பந்து கையை விட்டுப் போனதிலிருந்து திரும்பி வரும்வரை அவள் கண்ணில் இருப்பது நீ ஒருத்திதான். வெளியே போன பந்தைப் பிடித்துவிட்டுத் தோளைத் தொங்கப் போடுகிறாயா? அம்பயர் வாயைத் திறந்ததும் வானத்தைப் பார்க்கிறாயா? பந்தைத் திருப்பி எறியும்போது சுரீரென்று எறிகிறாயா? நீ கத்துவதற்கு முன்பே அவளுக்குச் சேதி போய்விடும். அதோடு, திடலில் எல்லார் முன்னாலும் “ரிலாக்ஸ்” என்று கத்தினால், இவள் பயந்துபோயிருக்கிறாள் என்று எதிரணிக்கு நீயே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

அடுத்த மேட்சில் ஒன்று செய்து பார். வாக் ஆனதும் அம்பயரிடம் டைம் கேள். எழுந்து நில். பந்திலிருக்கும் மண்ணைத் துடை. நாலு எட்டு முன்னால் போய் அவள் நெஞ்சுக்கு நேராக, மெதுவாகப் பந்தைக் கொடு. பதற்றத்தில் இருக்கும் பிட்சர் பந்து கைக்கு வந்தவுடனே வீசிவிடத் துடிப்பாள். அந்த அவசரத்தை நிறுத்த உன்னால்தான் முடியும், ஏனென்றால் பந்து உன்னிடம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் பேஸில் எதிரணிப் பெண் நிற்கிறாள் என்று வை. அங்கிருந்து ஹோம் பிளேட்டுக்கு ஓடி வந்துவிட்டால் ரன். வீச வேண்டியது டிராப், அதாவது பேட்டருக்கு முன்னால் வந்து சட்டென்று கீழே இறங்கும் பந்து. பேட்டர் அதற்கு மேலே மட்டையைச் சுழற்றி ஏமாறுவாள். ஆனால் பந்து தரையில் குத்தி உன்னைத் தாண்டி ஓடினால் ஒரு ரன் போச்சு. இது பிட்சருக்கு நன்றாகத் தெரியும். நீ நிறுத்துவாய் என்ற நம்பிக்கை இல்லையென்றால் அவள் கை தானாகவே பந்தைக் கொஞ்சம் உயர்த்திவிடும். இடுப்பு உயரத்தில் வந்த பந்தை அந்தப் பெண் வேலியைத் தாண்டிச் செம்பனைக்குள் அடிப்பாள். பார்க்கிறவர்கள் பிட்சர் சரியில்லை என்பார்கள். என்னைக் கேட்டால், அங்கே சரியில்லாதது கேட்சர்.

அதனால் பயிற்சி முடியும் நேரத்தில், முகமூடி, மார்புக் கவசம், கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, அவளையே தரையில் குத்தி வீசச் சொல். பந்தைப் பிடிக்கப் பார்க்காதே. இரண்டு முட்டியும் மண்ணுக்குப் போகட்டும். கிளவுஸ் கால்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடைக்கட்டும். முகவாய் நெஞ்சோடு ஒட்டட்டும், தோள் இரண்டும் முன்னால் வளையட்டும். பந்து மார்பில் பட்டு உன் முன்னாலேயே செத்து விழ வேண்டும். முகத்தை மட்டும் திருப்பாதே. திருப்பினால் கவசமில்லாத காதும் கழுத்தும் பந்துக்கு நேராகிவிடும். நம் திடல்களில் பாதி புல், பாதி செம்மண். பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. வலிக்கத்தான் செய்யும். ஆனால் நீ அவளுக்காக மண்ணில் விழுந்து எழுந்திருப்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால், மேட்சில் ஆள் மூன்றாம் பேஸில் நிற்கும்போதும் அவள் துணிந்து கீழே வீசுவாள்.

வாயால் சொல்லியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. அதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் சாண்டி கூஃபாக்ஸ். 1955-இல் அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் குழுவில் ஆட வந்த இடதுகைப் பிட்சர். வேகம் பயங்கரம், ஆனால் பந்து எங்கே போகும் என்பது அவருக்கே நிச்சயமில்லை. 1960 முடியும்போது அவர் கணக்கில் 36 வெற்றி, 40 தோல்வி. 1961-இல் சீசனுக்கு முன்னால் ஃபுளோரிடாவில் ஒரு பயிற்சி ஆட்டம். முதல் மூன்று பேருக்கும் வாக் கொடுத்துவிட்டு நிற்கிறார். கேட்சர் நார்ம் ஷெர்ரி அவரிடம் போய், இவ்வளவு பலமாக வீசாதே, கொஞ்சம் குறைத்துப் போடு, அடித்தால் அடிக்கட்டும் என்ற பொருளில் பேசினார். கூஃபாக்ஸ் வேகத்தைக் குறைத்தார். பந்து நினைத்த இடத்துக்குப் போக ஆரம்பித்தது. அடுத்த மூன்று பேரும் ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே அவுட். அந்த ஆண்டு அவருக்கு 18 வெற்றி, 269 ஸ்ட்ரைக் அவுட். அதற்குப் பிறகு 1962 முதல் 1966 வரை ஐந்து ஆண்டும், அந்தக் குழு ஆடிய நேஷனல் லீக்கில் ஆட்டத்துக்கு மிகக் குறைவாக ரன் விட்டுக்கொடுத்த பிட்சர் அவர்தான். ஷெர்ரி அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கையால் செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலையைச் சொன்னார். நீயும் அப்படியே சொல். “வாக் கொடுக்காதே” என்று சொன்னால் அவள் எதைச் செய்வாள்? “என் இடது முட்டிக்கு நேராகப் போடு” என்று சொல், செய்வாள்.

நான் கேட்சராக ஆடிய காலத்தில் என் பிட்சர் எங்கள் தோட்டத்தில் பக்கத்து லயத்துப் பெண். பயம் வந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது. கட்டைவிரலால் ஆள்காட்டி விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். அந்த விரலைப் பார்த்ததும் நான் டைம் கேட்டுக்கொண்டு போய், “சாயங்காலம் உங்க வீட்டுல என்ன குழம்பு?” என்பேன். “நெத்திலி” என்பாள். “எனக்கும் எடுத்து வையி” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேச மாட்டேன். அவளுக்கு அது போதும். பிறகு நான் பயிற்சி கொடுத்த பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் போய்க் குழம்பைப் பற்றிக் கேட்டிருந்தால் என்னைக் கடித்தே தின்றிருப்பாள். அவளுக்கு வேண்டியது கணக்கு: எத்தனை அவுட், அடுத்து யார் அடிக்க வருகிறாள், எங்கே போட வேண்டும். உன் பிட்சர் எந்த வகை என்பதை நீதான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்ச் நாளில் அல்ல. பஸ்ஸில் வரும்போது, கேன்டீனில், பரீட்சையில் மார்க் குறைந்த நாளில்.

கேள்வி: நான் பிட்சர். கேட்சர் விரலைக் காட்டி இதை வீசு, அதை வீசு என்கிறான். நான் கேட்டே ஆக வேண்டுமா? பந்து என் கையில்தானே இருக்கிறது?
*மாணவன், கோலகங்சார்*

தம்பி, கடைசி முடிவு உன்னுடையதுதான். தலையை ஆட்டி மறுக்க உனக்கு உரிமை உண்டு. நம்பிக்கையில்லாமல் வீசிய நல்ல பந்தைவிட, நம்பி வீசிய சுமாரான பந்து மேல்; இதை எந்த வயதான கேட்சரும் ஒத்துக்கொள்வார்.

ஆனால் மறுப்பதற்கு முன் ஒன்றை யோசி. பேட்டரின் கால் போன தடவையைவிட அரை அடி பிளேட்டை ஒட்டி வந்திருக்கிறதா, மட்டையை இரண்டு விரல் உயர்த்திப் பிடித்திருக்கிறானா, போன பந்தில் மட்டை பந்துக்கு மேலே போனதா கீழே போனதா என்பதெல்லாம் பக்கத்தில் குந்தியிருக்கிறவனுக்குத்தான் தெரியும். நீ நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. சாஃப்ட்பாலில் விதியே இருக்கிறது: வீசுவதற்கு முன் பிட்சர் தான் நின்று வீசும் பலகையில் கால் வைத்து, இரண்டு கையும் தனித்தனியாக இருக்க, கேட்சரின் சைகையைப் பார்க்க வேண்டும், அல்லது பார்ப்பதாகவாவது நிற்க வேண்டும்.

1956 அக்டோபரில் டான் லார்சன் என்ற பிட்சர் அமெரிக்காவின் யாங்கீஸ் குழுவுக்காக, உலகத் தொடர் என்னும் பேஸ்பால் இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் வீசினார். இரண்டு இன்னிங்ஸ்கூட நிற்கவில்லை. நான்கு வாக் கொடுத்து வெளியே போனார். மூன்று நாள் கழித்து ஐந்தாவது ஆட்டத்தில் அதே ஆள், அதே எதிரணி. யோகி பெர்ரா கேட்சர். ஒருவரையும் பேஸில் ஏற விடாமல் 27 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கினார். 97 பந்து. அன்றைக்கு பெர்ராவின் சைகையை ஒரு தடவைகூட மறுக்கவில்லை என்று லார்சனே சொல்லியிருக்கிறார். கடைசிப் பந்து முடிந்ததும் பெர்ரா ஓடிப் போய் அவர் மேல் தாவி ஏறிக்கொண்ட படத்தை எங்கேயாவது கிடைத்தால் பார்.

என் யோசனை இது: ஒரு தடவை மறு. கேட்சர் திரும்பவும் அதையே கேட்டால் அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அருகே கூப்பிட்டுப் பேசு. ஒன்றை மட்டும் செய்யாதே: ஒத்துக்கொண்டுவிட்டு வேறு பந்தை வீசாதே. மெதுவான பந்துக்குத் தயாராக இருக்கிறவன் முகத்துக்கு வேகப்பந்து வந்தால் விரல் உடையும். அப்புறம் அவன் உன்னை நம்ப மாட்டான். அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டாம் பேஸில் எதிரணி ஆள் நின்றால் சைகை அவன் கண்ணுக்கு நேராகத் தெரியும். அதற்கு வேறு வரிசை வைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக மூன்று சைகையில் நடுவில் வருவதுதான் உண்மையானது என்று. அமெரிக்காவின் பெரிய லீக்கில் இந்தச் சைகைத் திருட்டுக்குப் பயந்தே 2022-இல் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும் பிட்ச்காம் என்ற கருவியை அனுமதித்தார்கள். நமக்கு விரல் போதும். நகத்தில் வெள்ளைப் பெயின்ட் பூசிக்கொண்டால் சாயங்கால வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்.

கேள்வி: நான் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறேன். என் மகளைக் குழுவில் கேட்சராகப் போட்டிருக்கிறார்கள். குந்திக் குந்தி முட்டி போய்விடும் என்று அவள் அம்மா கவலைப்படுகிறாள். பேரும் புகழும் பிட்சருக்குத்தானே, டீச்சர்?
*ஒரு தகப்பன், லிந்தாங்*

ஐயா, உங்கள் வீட்டுக்காரம்மாவின் கவலை நியாயமானது. அதை முதலில் பேசுவோம். வளரும் பிள்ளையைத் தினமும் முழுநேரம் குந்த வைக்கக் கூடாது. பயிற்சியில் பாதி நேரம் நின்றோ, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றியோ பிடிக்கலாம். இப்போது பெரிய ஆட்டக்காரர்களே அப்படித்தான் பிடிக்கிறார்கள். முட்டிக்குக் கீழே வீங்கி வலித்தால் ஓய்வு கொடுத்து கிளினிக்கில் காட்டுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஆட விடாதீர்கள். பேஸில் ஆள் இல்லாதபோது அவளுடைய வெறுங்கை முதுகுக்குப் பின்னாலோ கணுக்காலுக்குப் பின்னாலோ இருக்கிறதா என்று நீங்களே வேலி ஓரத்தில் நின்று பாருங்கள். மட்டையில் உரசித் திசை மாறும் பந்துதான் கேட்சரின் விரலை உடைக்கிறது. பள்ளியில் இருக்கும் மார்புக் கவசம் அவள் அளவுக்குப் பெரிதாக இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொல்லத் தயங்காதீர்கள், தோட்டத்து அப்பாக்கள் பள்ளி வாசலில் வந்து தயங்கி நிற்பதை நான் வேலை பார்த்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

புகழ் விஷயம். திடலில் மற்ற எட்டுப் பேரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, கேட்சர் ஒருத்திதான் எதிர்ப்பக்கம் பார்க்கிறாள். முழு ஆட்டமும் அவள் கண் முன்னால் இருக்கிறது. யார் எங்கே நிற்க வேண்டும், எத்தனை அவுட் என்று கூவிச் சொல்வது அவள். அந்த இடத்தில் உங்கள் மகளைப் போட்டிருக்கிறார்கள் என்றால் அவள் பொறுப்பானவள் என்று யாரோ கவனித்திருக்கிறார்கள்.

2010 மே மாதம் ராய் ஹாலடே என்ற பிட்சர் ஒருவரைக்கூட பேஸில் ஏற்றாமல் ஒரு ஆட்டத்தை முடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் சீசனுக்குப் பிந்தைய போட்டியில் ஒரு ஹிட்கூட, அதாவது பேட்டர் அடித்து பேஸ் சேரும் ஒரு பந்துகூடக் கொடுக்காமல் இன்னொன்று. இரண்டிலும் கேட்சர் பனாமாக்காரர் கார்லோஸ் ருயிஸ். அந்த ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஹாலடேக்குக் கிடைத்தது. அவர் அதைப் போலவே ஒன்று செய்யச் சொல்லி ருயிஸுக்குக் கொடுத்தார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவின் ஆடம் வெயின்ரைட்டும் யாடியர் மொலினாவும் பிட்சர், கேட்சராகச் சேர்ந்து தொடங்கிய ஆட்டங்கள் 328. பெரிய லீக்கில் வேறு எந்த ஜோடியும் அத்தனை ஆட்டம் தொடங்கியதில்லை. 2022 செப்டம்பரில் பழைய சாதனையை அவர்கள் தாண்டியபோது திடலே எழுந்து நின்றது இரண்டு பேருக்கும்தான்.

கேள்வி: நான் புதிதாக வந்த ஆசிரியர். விளையாட்டுப் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எந்தப் பந்து வீச வேண்டும் என்பதை நானே பெஞ்சில் இருந்து சைகை காட்டுகிறேன். கேட்சர் அதைப் பிட்சருக்குக் காட்டுவாள். இது சரியா?
*ஆசிரியர், வட பேராக்*

முதல் சில மேட்சுக்குச் சரி, தம்பி. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெஞ்சிலிருந்து வரும் சைகையை வாங்கி வாங்கிக் கொடுத்தால் கேட்சர் வெறும் தபால்காரி ஆகிவிடுகிறாள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் யோசிக்கவே மாட்டாள். பேட்டரின் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிட்சருக்கும் பந்து மோசமாகப் போனால் கோபம் உங்கள் மேல். கேட்சர் மேல் நம்பிக்கை வளர வழியே இல்லை.

பயிற்சி ஆட்டத்தில் எந்தப் பந்து வேண்டும் என்று பிட்சரிடம் கேட்சரையே கேட்கச் சொல்லுங்கள். இன்னிங்ஸ் முடிந்து வரும்போது “ஏன் அதைக் கேட்டாய்?” என்று மட்டும் கேளுங்கள். பதில் தவறாக இருந்தாலும் பரவாயில்லை. காரணம் என்று ஒன்று இருந்தால் போதும். பிறகு மேட்சில் முதல் இரண்டு இன்னிங்ஸ் அவளுக்கு விடுங்கள். பெரிய லீக்கில் ஆட்டம் இழுக்கிறது என்று, பிட்சரிடம் போய்ப் பேசுவதையே 2018-இல் ஆட்டத்துக்கு ஆறு தடவை என்று கட்டுப்படுத்தினார்கள், 2019-இல் ஐந்து, 2024-இல் நான்கு. கேட்சர் போனாலும் கணக்கில் சேரும். ஆக, போகாமலே ஒருவர் மனசை ஒருவர் அறிந்துகொள்ளும் பழக்கம் அங்கேயே இவ்வளவு தேவைப்படுகிறது.

இன்னொன்று. பிட்சர் எதிரில் கேட்சரைத் திட்டாதீர்கள், கேட்சர் எதிரில் பிட்சரையும் திட்டாதீர்கள். பந்து வேலியைத் தாண்டிப் போனால், “என் தப்பு, நான்தான் அதைக் கேட்டேன்” என்று கேட்சர் சொல்லப் பழகட்டும். பாதி நேரம் அது உண்மையாக இருக்காது. பரவாயில்லை. அடுத்த பந்தை வீச வேண்டியவள் பிட்சர். அவள் தோளில் இருக்கும் சுமையில் பாதியை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் பிட்சர் மலாய்க்காரப் பெண். நான் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவள். அவசரத்தில் எனக்கு மலாய் வராது, வந்தாலும் பாடப்புத்தக மலாய். எப்படி உற்சாகப்படுத்துவது?
*படிவம் 1 மாணவி, சுங்கை சிப்புட்*

கண்ணு, உனக்கு வேண்டியது ஐந்தாறு சொல்தான். ‘ரெண்டா’ என்றால் கீழே, ‘லுவார்’ என்றால் வெளிப்பக்கம், ‘பெர்லாஹான்’ என்றால் மெதுவாக, ‘தாக் அப்பா’ என்றால் பரவாயில்லை, ‘சத்து லாகி’ என்றால் இன்னும் ஒன்று. அவளோடு உட்கார்ந்து, எந்தச் சொல்லைக் கேட்டால் அவளுக்குத் தெம்பு வருகிறது என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல். அவளுக்கும் இரண்டு தமிழ்ச் சொல் கற்றுக் கொடு. எதிரணிக்குப் புரியாத சொல் கையில் இருப்பது உங்களுக்குத்தான் லாபம்.

ஜப்பானிலிருந்து ஹிடியோ நோமோ 1995-இல் டாட்ஜர்ஸ் குழுவுக்குப் போனபோது அவர் பேசியது ஜப்பானிய மொழி. கேட்சர் மைக் பியாஸா அமெரிக்கர். அந்த முதல் ஆண்டிலேயே நோமோ 236 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் டென்வர் நகரில், மழையால் தாமதமாகத் தொடங்கிய ஆட்டம். பிட்சர் நிற்கும் மேடு ஈரத்தில் வழுக்கியது. நோமோ தன் வழக்கமான, முதுகைத் திருப்பிச் சுழலும் பெரிய வீச்சை விட்டுவிட்டுச் சுருக்கமாக வீசினார். ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. பிடித்தவர் பியாஸா. மேட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் வரலாம் என்று பெரிய லீக் அனுமதித்ததே 2013-இல்தான். அதுவரை கையும் கண்ணும் ஐந்தாறு சொல்லும் வைத்துத்தான் ஆடினார்கள்.

நம் ஊரில் நாலு மணிக்கு மேல் மழை கட்டிக்கொண்டு வருவது தெரியுமே. பந்து நனைந்தால் நீதான் ஒவ்வொரு தடவையும் அதைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். உன் இடுப்பில் ஒரு சிறு துண்டு இருக்கட்டும். அதைப் பார்த்தாலே நீ அவளைக் கவனித்துக்கொள்கிறாய் என்று அவளுக்குப் புரியும். அதற்கு மொழி வேண்டாம்.

கேள்வி: என் தம்பி பயிற்சியில் அருமையாக வீசுகிறான். மேட்சில் திடீரென்று பந்து எங்கேயோ போகிறது. போன மாதத்திலிருந்து இப்படி. கோச் “மன உறுதி இல்லை” என்கிறார்.
*ஒரு அக்கா, பகாவ்*

அம்மா, அந்தச் சொல்லைத் தம்பி காதில் விழ விடாதீர்கள். 2000 அக்டோபரில் ரிக் ஆங்கியல் என்ற 21 வயதுப் பிட்சர், நாடே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்தைக் கேட்சரால் தொடவே முடியாத இடத்துக்கு வீசினார். அதற்குச் சில நாள் முன்புதான் குழுவின் வழக்கமான கேட்சர் மைக் மத்தேனி, பிறந்தநாள் பரிசாக வந்த கத்தியில் விரலை வெட்டிக்கொண்டு ஆட முடியாமல் போயிருந்தார். கேட்சர் மாறியதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆங்கியலுக்கு மன உறுதி இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது: பல ஆண்டு போராடி, பிட்சிங்கை விட்டுவிட்டு, 2007-இல் திடலின் கடைசியில் நிற்கும் அவுட்ஃபீல்டராகப் பெரிய லீக்குக்குத் திரும்பி வந்து முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன் அடித்தவர் அவர்.

தம்பியின் கேட்சரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பேட்டர் இல்லாமல், பாதித் தூரத்தில், யாரும் எண்ணாமல் இருவரும் வீசிப் பிடிக்கட்டும். பந்து கிளவுஸின் குழியில் விழுந்து ‘டப்’ என்று சத்தம் வர வேண்டும். பிட்சருக்கு அந்தச் சத்தம் மருந்து. உள்ளங்கையில் வாங்கினால் அந்தச் சத்தம் வராது, கையும் எரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டட்டும். சில வாரம் மேட்சுக்கு வேறு இடத்தில் ஆடினால் அவமானம் ஒன்றும் இல்லை. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருப்பார், அவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: பிட்சரும் நானும் பேசிக்கொள்வதில்லை. வீட்டுச் சண்டை. அடுத்த வாரம் மாவட்டப் போட்டி.
*பெயர் வேண்டாம்*

பேச வேண்டாம். பந்தை நெஞ்சுக்கு நேராகத் திருப்பிக் கொடு, தரையில் குத்துவதை நிறுத்து, சைகையை ஒழுங்காகக் காட்டு. பெரியவர்கள் சண்டை தோட்டத்தோடு இருக்கட்டும்.

கேள்வி: மேட்சுக்கு முன்னால் பிட்சரோடு கேட்சர் என்ன செய்ய வேண்டும், டீச்சர்? நாங்கள் சும்மா பத்துப் பதினைந்து பந்து வீசிவிட்டு இறங்கிவிடுகிறோம்.
*இரண்டு கேட்சர்கள், ஒரே பள்ளி*

முதலில் நின்றபடியே, பக்கத்தில் இருந்து கையைச் சூடாக்குங்கள். பிறகு பின்னால் போய்க் குந்துங்கள். அவளிடம் இருக்கும் ஒவ்வொரு வகைப் பந்தையும் நாலைந்து கேளுங்கள். எல்லாப் பந்தையும் ஒரே இடத்தில் பிடிக்காமல் உள்பக்கம், வெளிப்பக்கம், கீழே என்று கிளவுஸை நகர்த்திக் காட்டி, காட்டிய இடத்தில் அசையாமல் வையுங்கள். அன்றைக்கு எந்தப் பந்து நன்றாக வருகிறது, எது வரவில்லை என்று உங்களுக்கு அங்கேயே தெரிந்துவிடும். அதை அவளிடம் சொல்ல வேண்டாம். டிராப் இறங்கவில்லையென்றால் முதல் இன்னிங்ஸில் அதைக் கேட்காதீர்கள், அவ்வளவுதான். மூன்றாவது இன்னிங்ஸில் கை இளகியதும் கேட்டுப் பாருங்கள். கடைசி மூன்று பந்துக்கு உங்களில் ஒருத்தி மட்டையோடு பேட்டராக வந்து நிற்கட்டும், அடிக்க வேண்டாம். ஆள் நிற்கும்போது பிட்சரின் கண் எங்கே போகிறது என்று மற்றவள் கவனிக்கட்டும். எதிரணியின் முதல் மூன்று பேட்டர்கள் இடதுகையா வலதுகையா என்று அதற்குள் கேட்டு வைத்துக்கொண்டு, எப்படித் தொடங்கலாம் என்று பிட்சரிடம் கேளுங்கள். நீங்கள் நினைத்ததையே அவளும் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டுக் கவசத்தை மாட்டுங்கள். வேறு ஏதாவது சொன்னால், முதல் பேட்டருக்கு அவள் சொன்னபடியே போகட்டும்.